முதற்கப்பல் பயணத்துக்கு எவ்வளவு டொலர் கொண்டுபோவது?

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஓர் ஐயா கேட்டிருக்கிறார். மகன் கனடாவில். தாய் தகப்பனுக்குக் கனடா விசா கிடைக்கவில்லை. அதனால் எல்லாரும் சிங்கப்பூரில் சந்தித்து, அங்கிருந்து மலேசியாவின் பினாங்கும் தாய்லாந்தின் புக்கெட்டும் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பலில் மகன் இடம் பதிந்துவிட்டார். கப்பல் செலவுக்கு எவ்வளவு டொலர் கொண்டுபோக வேண்டும், எங்கள் வங்கிக் காட் அங்கே வேலை செய்யுமா, இலங்கைக் காசை வழியில் மாற்றலாமா என்பவை ஐயாவின் கேள்விகள். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: ஒரு தேத்தண்ணி குடிப்பதென்றாலும் மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க விருப்பமில்லை என்று. எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. மகன் கூட்டிக்கொண்டு போகட்டும், எங்கள் கைச்செலவை நாங்களே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று கேட்கிறார். இருக்கிறது ஐயா. போகுமுன் கொஞ்சம் ஒழுங்கு செய்தால் போதும்.

நான் சொகுசுக் கப்பல்களில் பயணிகளின் கணக்குப் பார்க்கும் முகப்பில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு இப்போது வவுனியாவில் இருக்கிறேன். கப்பலுக்குள் காசு எப்படி ஓடுகிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். தொகைகள் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும், அடிக்கடி கூடவும் செய்யும், ஆகவே நான் தரும் எண்களை ஒரு மட்டக்கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை வங்கி நடைமுறைகள் 2022க்குப் பிறகு பலமுறை மாறியவை. அந்தப் பகுதியில் நான் சொல்வதை உங்கள் கிளையில் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்துங்கள். விசா என் துறை இல்லை. பினாங்கில் இறங்க இலங்கைக் கடவுச்சீட்டுக்கு என்ன வேண்டும் என்பதை மகனிடம் சொல்லிக் கப்பல் கம்பனியிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். சிங்கப்பூரில் கப்பல் ஏறும் இடத்திலேயே அதைப் பார்ப்பார்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கப்பலுக்குள் யாரும் கையில் காசு வாங்க மாட்டார்கள். சாப்பாட்டுச்சாலையிலும் இல்லை, கடையிலும் இல்லை. ஏறும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை தருவார்கள். அதுதான் உங்கள் அறைத் திறப்பு, அதுதான் அடையாள அட்டை, அதுவேதான் பணப்பையும். எதை வாங்கினாலும் அந்த அட்டையை ஒரு கருவியில் காட்டுவார்கள், தொகை உங்கள் பெயரில் பதிவாகும், பயண முடிவில் மொத்தமாகத் தீர்ப்பீர்கள். எங்கள் ஊர்க் கடையில் கொப்பியில் எழுதிவைத்து மாதக் கடைசியில் கொடுப்பது போலத்தான். கடைக்காரர் எழுதும்போது நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். கப்பலில் எழுதுவது கண்ணுக்குத் தெரியாது. முதற்பயணம் போகிறவர்கள் கடைசி நாளில் திகைப்பது இதனால்தான். கையிலிருந்து ஒரு நோட்டும் போகாததால் செலவு செய்த நினைவே அவர்களுக்கு இருப்பதில்லை.

அந்தக் கணக்கின் பின்னால் யாருடைய காசு நிற்கிறது என்பதை ஏறும்போதே தீர்மானிக்க வேண்டும். மகன் இணையத்தில் பதிவு செய்யும்போது தன் கிரெடிட் காட்டையே எல்லாருடைய பெயருக்கும் சேர்த்துக் கொடுத்திருப்பார். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அதை மாற்றலாம். ஒரே அறையில் இருந்தாலும் ஒவ்வொரு பயணிக்கும் தனிக் கணக்கு உண்டு. ஏறும் இடத்திலோ, ஏறிய பிறகு விருந்தினர் சேவை முகப்பிலோ போய் "எங்கள் இருவரின் கணக்கையும் மகனின் காட்டிலிருந்து பிரித்துவிடுங்கள், நாங்கள் தனியாகக் கட்டுகிறோம்" என்று சொன்னால் இரண்டு நிமிட வேலை. மொழி ஒரு தடையாக இருக்காது. இந்தக் கப்பல்களில் இந்திய ஊழியர் நிறையப் பேர், முகப்பில் கேட்டால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுத் தருவார்கள். முதல் நாளே செய்துவிடுங்கள். இடையில் மாற்றினால் அதுவரை பதிவானவை மகனின் காட்டில் நின்றுவிடக்கூடும்.

பிரித்த பிறகு உங்கள் பக்கத்துக்கு மூன்று வழி: கிரெடிட் காட், டெபிட் காட், ரொக்க முற்பணம். கிரெடிட் காட் இருந்தால் அதுவே சிறந்தது. ஆனால் வன்னியில் எங்கள் வயதுக்காரர் பலரிடம் இருப்பது ஓய்வூதியமோ நெல் விற்ற காசோ வரும் சேமிப்புக் கணக்கின் டெபிட் காட்தான். அது கப்பலில் வேலை செய்யும். வீசாவோ மாஸ்டர்காட்டோ அடையாளம் இருந்து, வெளிநாட்டுப் பாவனைக்கு வங்கி அதைத் திறந்துவிட்டிருந்தால் எடுக்கும். நம் வங்கிகள் பல இந்தப் பாவனையை மூடியே வைத்திருக்கும். கைத்தொலைபேசிச் செயலியிலோ கிளையிலோ சொல்லித் திறக்க வேண்டும். ஊரில் இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை இது.

இருந்தும் டெபிட் காட்டைக் கப்பல் கணக்குக்குக் கொடுக்க நான் யாருக்கும் சொல்வதில்லை. காரணம் இதுதான். காட்டைப் பதிந்தவுடன் கப்பல் ஒரு தொகையை உங்கள் கணக்கில் பிடித்து வைக்கும். எடுப்பதில்லை, நிறுத்தி வைப்பது. செலவு கூடக் கூடப் பிடிப்பும் கூடும். பயணம் முடிந்ததும் உண்மையான தொகை தனியாக எடுக்கப்படும், பழைய பிடிப்பு பிறகுதான் விடுபடும். அந்த "பிறகு" சில நாளும் ஆகலாம், சில கிழமையும் ஆகலாம். அது கப்பலின் கையில் இல்லை, உங்கள் வங்கியின் கையில் இருக்கிறது. கிரெடிட் காட்டில் இப்படி நடந்தால் கடன் எல்லைதான் கொஞ்ச நாள் குறைந்திருக்கும். டெபிட் காட்டிலோ நீங்கள் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வைத்த காசே பூட்டப்பட்டுவிடும். ஒரு செலவுக்கு இரண்டு தடவை எடுத்துவிட்டார்கள் என்று பதறிக்கொண்டு முகப்புக்கு வருகிறவர்களில் அதிகமானோர் டெபிட் காட் கொடுத்தவர்கள்தான்.

ஆகவே உங்கள் நிலைமைக்கு ரொக்க முற்பணமே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். பெரும்பாலான கப்பல்களில் முகப்பில் நோட்டாகக் கட்டி, அதற்குப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளலாம். கட்டிய தொகைக்குள் உங்கள் அட்டை வேலை செய்யும். முடிந்ததும் அட்டை நின்றுவிடும், வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் கட்டலாம். மிச்சத்தைக் கடைசி இரவிலோ இறங்கும் காலையிலோ நோட்டாகவே திருப்பித் தருவார்கள். சில கம்பனிகள் காட் மட்டும்தான் என்று வைத்திருக்கின்றன, எனவே உங்கள் கப்பல் ரொக்கம் ஏற்குமா என்று மகனை முன்னரே பார்க்கச் சொல்லுங்கள். ஏற்காவிட்டால் கணக்கை மகனின் காட்டிலேயே விட்டுவிட்டு, இறங்குமுன் உங்கள் பெயரில் விழுந்த தொகையைத் தனியாக அச்சிட்டு வாங்கி, அந்தக் காசை மகன் கையில் கொடுத்துவிடலாம். அவர் வேண்டாம் என்பார். அது உங்கள் வீட்டு விஷயம்.

காசு கையில் இருந்தால்தான் நிம்மதி என்ற எண்ணத்தை நான் பழைய பழக்கம் என்று தள்ளிவிடுவதில்லை. 2009 இல் வைப்பிலிட்ட காசும் அடகு வைத்த நகையும் திரும்பக் கிடைக்காமல் போன குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ. 2022 இல் மார்ச் தொடங்கும்போது 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டதையும் எல்லாரும் பார்த்தோம். இதையெல்லாம் கண்ட ஒருவரிடம் பிளாஸ்டிக் அட்டையை நம்புங்கள் என்று சும்மா சொல்லிவிட முடியாது. முற்பணம் கட்டும் முறையில் உங்களுக்கு வேண்டிய பிடி உங்கள் கையிலேயே இருக்கிறது, கட்டியதற்கு மேல் ஒரு சதமும் போகாது.

அடுத்தது, எந்த டொலர்? இந்தக் குழப்பத்தை முகப்பில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உங்கள் குடும்பத்திலேயே மூன்று டொலர் புழங்கப் போகிறது. மகன் பேசுவது கனேடிய டொலர். இறங்கும் ஊரில் சிங்கப்பூர் டொலர். கப்பலில் அநேகமாக அமெரிக்க டொலர். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் றோயல் கரிபியன் கப்பல்கள் அமெரிக்க டொலரில் கணக்கு வைக்கின்றன, கெண்டிங் ட்ரீம் என்ற கப்பல் சிங்கப்பூர் டொலரில் வைக்கிறது. அண்மைக்கால அளவில் அமெரிக்க டொலர் 300 ரூபாவை ஒட்டி, சிங்கப்பூர் டொலர் 230ஐ ஒட்டி, கனேடிய டொலர் அதைவிடக் கொஞ்சம் குறைவு. விலைப்பட்டியலில் 20 டொலர் என்று கண்டால் அது 6,000 ரூபாவா 4,600 ரூபாவா என்பது கப்பலைப் பொறுத்தது. பதிவுப் பத்திரத்தில் கணக்கு நாணயம் எது என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் எந்த நோட்டு வாங்குவது என்று முடிவெடுக்க வேண்டும்.

செலவு எங்கே வருகிறது என்று இப்போது சொல்கிறேன். ஐயா கேட்ட தேத்தண்ணிக்குக் காசே இல்லை. பொதுச் சாப்பாட்டு மண்டபத்தில் தேத்தண்ணி, சாதாரணக் கோப்பி, தண்ணீர், காலை மதியம் இரவுச் சாப்பாடு எல்லாம் பயணக் கட்டணத்துக்குள் அடங்கும். விடியப்புறம் எழும்பிப் போனாலும் ஒரு கோப்பை போட்டுக் குடிக்கலாம். காசு விழுவது வேறு இடங்களில். போத்தல் தண்ணீர், சோடா வகை, பிழிந்த பழச்சாறு, மதுபானம், தனிக் கோப்பிக் கடையில் பால் நுரையோடு தரும் கோப்பி, பெயர் வைத்த சிறப்புச் சாப்பாட்டுக்கடைகள், வைஃபை, உடுப்புத் தோய்ப்பு, கப்பல்காரர் பிடித்து விற்கும் படங்கள். பானங்களின் விலையோடு 18 முதல் 20 சதவீதம் வரை சேவைக் கட்டணம் தானாகச் சேரும். 3.50 டொலர் என்று போட்டிருக்கும் ஒரு கொக்கா கோலா பதிவாகும்போது 4.13 ஆகிவிடும், எங்கள் காசில் 1,200 ரூபாவுக்கு மேல். பேரப்பிள்ளைகள் கூட வருகிறார்கள் என்றால் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பிள்ளைகளின் அட்டையில் செலவு விழாதபடி முகப்பில் பூட்டிவிடலாம், மகனிடம் சொல்லுங்கள். அறையில் மேசைமேல் அழகாக அடுக்கி வைத்திருக்கும் தண்ணீர்ப் போத்தலின் கழுத்தில் ஒரு சின்ன அட்டை தொங்கும், அதில் விலை இருக்கும். திறந்தால் கணக்கில் விழும். இறங்கித் திரிய ஒரு வெற்றுப் போத்தல் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மண்டபத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தொகை ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கடைசி நாளில்தான் காண்கிறார்கள். ஊழியருக்கான ரிப்ஸ், அதாவது அன்பளிப்புக் காசு. நீங்கள் ஒன்றும் வாங்காவிட்டாலும் ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாகவே ஏறிக்கொண்டிருக்கும். அமெரிக்கக் கம்பனிகளில் இது சாதாரண அறைக்கு 16 முதல் 20 டொலர் அளவில் இருக்கும். 18 என்று வைத்தால் இருவருக்கு நான்கு நாளைக்கு 144 டொலர், 43,000 ரூபாவைத் தாண்டும். மகன் பயணக் கட்டணத்தோடு சேர்த்து இதை முன்னரே கட்டியிருக்கலாம். கட்டியிருக்கிறாரா இல்லையா என்பது நீங்கள் கொண்டுபோகும் தொகையைப் பெரிதும் மாற்றும் விஷயம், எனவே இந்த ஒரு கேள்வியை அவரிடம் கட்டாயம் கேளுங்கள். சில கம்பனிகளில் முகப்பில் போய் இதைக் குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அறை துப்புரவாக்கும் பையனுக்கும் சாப்பாடு பரிமாறுகிறவருக்கும் வருமானத்தின் பெரும் பங்கு அதிலிருந்துதான் வருகிறது. மாதக்கணக்கில் வீட்டை விட்டுக் கடலில் கிடந்து உழைக்கிற பிள்ளைகள் அவர்கள். யாராவது உங்களை நன்றாகக் கவனித்தால் அதற்கு மேலாகக் கையில் கொஞ்சம் கொடுப்பது உங்கள் விருப்பம். நோட்டாகக் கொடுங்கள். சில்லறைக் குற்றியை எந்த ஊரிலும் மாற்ற முடியாமல் அவர்கள் சேர்த்துவைத்துக்கொண்டு திரிவார்கள்.

மருத்துவம் பற்றி ஒரு சொல். கப்பலில் வைத்தியர் இருப்பார், ஆனால் இலவசம் இல்லை. பார்ப்பதற்கே 100 டொலருக்கு மேல் போகலாம், ஊசி மருந்து தனி, எல்லாம் உங்கள் அட்டைக் கணக்கில் விழும். பிரஷர், சீனி மாத்திரைகளைத் தேவைக்கு மேல் ஒரு கிழமைக்குக் கூடுதலாகக் கொண்டுபோங்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது கப்பல் பயணமும் அதில் அடங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண விமானப் பயணக் காப்புறுதிகள் சிலவற்றில் அது இராது.

இனி நோட்டை எங்கே வாங்குவது. கடவுச்சீட்டு, விமானச் சீட்டு இரண்டையும் கொண்டு உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக்குப் போங்கள். இலங்கை வங்கி, மக்கள் வங்கி இரண்டும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இருக்கின்றன. சின்னக் கிளைகளில் வெளிநாட்டு நோட்டு பெரும்பாலும் கையிருப்பில் இராது, வேறு கிளையிலிருந்து எடுப்பித்துத் தருவார்கள். எனவே போவதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே சொல்லிவையுங்கள். முதல்நாள் பின்னேரம் போய்க் கேட்டு வெறுங்கையோடு திரும்பி, இரவோடிரவாக வாகனம் பிடித்து ஏ-9 பாதையால் கட்டுநாயக்காவுக்கு ஓடுகிற நிலைமை வேண்டாம். அப்படி ஆகிவிட்டாலும் விமான நிலையத்தில் வங்கி முகப்புகள் இருக்கின்றன, அங்கே வாங்கலாம். வெளிநாட்டு நோட்டு விற்க உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடைகளிலும் வாங்கலாம். யாருக்கு உரிமம் உண்டு என்ற பட்டியலை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. அதன் பிராந்திய அலுவலகம் கிளிநொச்சியிலேயே இருப்பதால் சந்தேகம் இருந்தால் நேரிலும் கேட்கலாம். வாங்கும் இடத்தில் பற்றுச்சீட்டைக் கட்டாயம் எடுங்கள்.

உண்டியல்காரரிடமோ தெரிந்த கடையிலோ ரூபா இரண்டு குறைவாகக் கிடைக்கிறதென்று டொலர் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டத்துக்குப் புறம்பு என்பது ஒரு பக்கம். கள்ள நோட்டோ கிழிந்த நோட்டோ வந்தால் திருப்பிக் கொடுக்க வழியில்லை என்பது மறுபக்கம். தென்கிழக்காசியாவில் நாணயம் மாற்றுகிறவர்கள் டொலர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். மூலை கிழிந்தது, மேலே பேனையால் எழுதியது, முத்திரை குத்தியது, மிகப் பழைய அச்சு என்றால் ஒன்றில் வாங்க மாட்டார்கள், இல்லாவிட்டால் விலையைக் குறைப்பார்கள். வங்கியில் வாங்கும்போதும் ஒவ்வொன்றாக எண்ணி, கறையில்லாத நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். இன்னொரு வழியும் உண்டு. மகன் உங்களுக்குக் காசு அனுப்புகிறவர் என்றால் அதை ரூபாவாக மாற்றாமல் வெளிநாட்டு நாணயக் கணக்கில் வரவு வைக்கும் வசதி வங்கிகளில் இருக்கிறது. பயணத்துக்கு அதிலிருந்து எடுப்பதை விசாரித்துப் பாருங்கள், இரண்டு தடவை மாற்றி நட்டப்படும் தேவை இராது.

இலங்கை ரூபாவைக் கொண்டுபோய் அங்கே மாற்றலாம் என்று நம்ப வேண்டாம். ரூபா நோட்டைப் பெருந்தொகையாக வெளியே கொண்டுபோக அனுமதியும் இல்லை, கொண்டுபோனாலும் மாற்றுகிறவர் கிடைப்பது அரிது, கிடைத்தால் அடிமாட்டு விலை. திரும்பி வந்து கட்டுநாயக்காவிலிருந்து வீடு சேரும் செலவுக்கு மட்டும் ரூபா வைத்திருங்கள்.

மலேசியாவின் ரிங்கிட்டையும் தாய்லாந்தின் பாட்டையும் இலங்கையில் தேடி அலையத் தேவையில்லை. சிங்கப்பூரில் இறங்கியதும் லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் வீதிப் பக்கம் நாணய மாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, முஸ்தபா சென்டருக்குள்ளும் உண்டு. தமிழிலேயே பேசி மாற்றலாம், விலையும் நல்ல விலை. வாசலில் ஒளிரும் பலகையில் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டும் இருக்கும். இரண்டு மூன்று கடை பார்த்துவிட்டு, "100 டொலர் தந்தால் கையில் எத்தனை ரிங்கிட் வரும்" என்று முடிவுத் தொகையைக் கேளுங்கள். தரகுப் பணம் ஏதாவது கழிப்பதாக இருந்தால் அதில் தெரிந்துவிடும். கப்பல் முகப்பில் நாணயம் மாற்றித் தருவதைப் பல கம்பனிகள் நிறுத்திவிட்டன. தருகிற இடத்திலும் விலை மோசம். கப்பலுக்குள் இருக்கும் ஏ.ரி.எம். ஒவ்வொரு தடவைக்கும் நல்ல கட்டணம் எடுக்கும், உங்கள் வங்கி தன் பங்குக்கு இன்னொன்று எடுக்கும். அந்தப் பக்கமே போகவேண்டாம்.

பினாங்கில் கப்பல் கட்டுவது ஜோர்ஜ் டவுனின் சுவெட்டன்ஹாம் துறையில். அங்கிருந்து லிட்டில் இந்தியா நடைதூரம், இட்டலி தோசைக் கடையும் பாத்திரக் கடையும் தமிழ்ப் பேச்சுமாக இருக்கும். ஒரு ரிங்கிட் 70 ரூபாவை ஒட்டி வரும். இருவருக்கு ஒரு பகல் முழுக்கச் சுற்ற, சாப்பிட, சின்னச் சாமான் வாங்க 150 ரிங்கிட் தாராளம். புக்கெட் வேறு மாதிரி. பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆட்களைக் கரைசேர்க்கும். பாட்டோங் கடற்கரையில் டுக்டுக்காரர் ஆள் பார்த்து விலை சொல்வார்கள், ஏறுமுன் பேசிக்கொள்ள வேண்டும். ஒரு பாட் சுமார் 9 ரூபா. இருவருக்கு 1,500 பாட் போதும், கரையோடு நின்று திரும்புவதென்றால் பாதி போதும். தாய்லாந்து ஏ.ரி.எம்.கள் வெளிநாட்டுக் காட்டுக்கு ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் எடுக்கும் என்பதால் நோட்டாகக் கொண்டு இறங்குவதே நல்லது. அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அறையிலுள்ள இரும்புப் பெட்டிக்குள் வையுங்கள். நான்கு இலக்கம் அழுத்திப் பூட்டும் பெட்டி அது, இலக்கத்தை இருவரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கரையில் எங்காவது காட் கொடுக்க நேர்ந்தால், கருவி சில நேரம் கேட்கும்: உங்கள் நாட்டுக் காசில் எடுக்கவா, எங்கள் நாட்டுக் காசிலா என்று. ரூபாவில் தொகை தெரிவதால் மனம் அந்தப் பக்கம் போகும். எப்போதும் அந்த நாட்டுக் காசையே தெரிவு செய்யுங்கள். ரூபாவைத் தெரிவு செய்தால் மாற்று விலையைத் தீர்மானிப்பது கடையின் பக்கத்து நிறுவனம், அதில் அவர்களுக்கு இலாபம் வைத்தே போடுவார்கள். சில கப்பல் கம்பனிகளும் வெளிநாட்டுக் காட்டுகளுக்கு இதையே செய்கின்றன, கேட்காமலேயே. மகனின் கனடாக் காட்டுக்கும் இது பொருந்தும். முகப்பில் போய் "கப்பலின் நாணயத்திலேயே எடுங்கள்" என்று சொன்னால் மாற்றிவிடுவார்கள்.

கைத்தொலைபேசியையும் காசுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். கப்பல் கடலுக்குள் போனதும் கப்பலின் சொந்த அலைவரிசையில் உங்கள் தொலைபேசி தானாக ஒட்டிக்கொள்ளும். அதில் பேசுவதும் இணையம் திறப்பதும் வழக்கமான ரோமிங்கைவிடப் பல மடங்கு விலை. கப்பல் புறப்பட்டதும் விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடுங்கள். அப்படி மாற்றினால் வங்கி அனுப்பும் இரகசிய இலக்கக் குறுந்தகவலும் வராது, எனவே இணையத்தில் காட் பாவித்துச் செய்யவேண்டிய எதையும் கரையிலேயே முடித்துவிடுங்கள். சிங்கப்பூர் நுழைவு அட்டையை இணையத்தில் நிரப்பும்போது யாராவது கட்டணம் கேட்டால் அது போலித் தளம். அரசாங்கத் தளத்தில் அது இலவசம்.

இவ்வளவையும் சேர்த்து ஒரு தொகை சொல்லுங்கள் என்றால், ரிப்ஸை மகன் கட்டிவிட்டார், கப்பல் அமெரிக்க டொலரில் கணக்கு வைக்கிறது என்று வைத்துக்கொண்டு, கப்பலில் முற்பணமாக 100 டொலர், இரண்டு துறைக்கும் சேர்த்து 100 டொலர் அளவு ரிங்கிட்டும் பாட்டும், தொடாமல் பெட்டிக்குள் வைக்க 150 டொலர். ரிப்ஸ் கட்டவில்லை என்றால் முற்பணத்தை 250 ஆக்குங்கள். சிங்கப்பூரில் தங்கும் நாட்களின் செலவு இதில் சேரவில்லை. நோட்டுகளில் பாதியை 20 டொலராகக் கேளுங்கள், எல்லாம் நூறாக இருந்தால் சின்ன இடத்தில் மாற்றச் சிரமம். டெபிட் காட்டை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்து, பையில் வேறு இடத்தில் வைத்திருங்கள், அவசரத்துக்கு உதவும்.

கப்பலில் தினமும் இரவு படுக்கப் போகுமுன் கணக்கைப் பாருங்கள். அறைத் தொலைக்காட்சியில் அட்டை இலக்கத்தோடு உங்கள் பதிவுகள் தெரியும், சில கப்பல்களில் செயலியில் பார்க்கலாம், இரண்டும் சிரமமென்றால் முகப்பில் அச்சிட்டுத் தருவார்கள். நீங்கள் வாங்காத ஒன்று இருந்தால் அன்றே சொல்லுங்கள். அன்றைக்குச் சொன்னால் அந்தக் கடையின் பில்லை எடுத்துக் கையெழுத்தைப் பார்த்து உடனே நீக்கிவிடலாம். கடைசி இரவு முகப்பில் நிற்கும் வரிசை நீளம், எல்லாரும் களைத்திருப்பார்கள், அப்போது மூன்று நாளைக்கு முந்திய சோடாவைப் பற்றி யாருக்கும் நினைவிராது. முற்பண மிச்சத்தை வாங்க நான் சொல்வது, கடைசி இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் போகும் நேரம். முகப்பு ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். வாங்கிய பிறகு அன்றிரவு அட்டையைப் பாவிக்காதீர்கள். அட்டை தொலைந்தால் எந்த நேரமென்றாலும் உடனே சொல்லுங்கள், பழையதை நிறுத்திப் புதியதை அடித்துத் தருவார்கள். அட்டையைக் காட்டும்போது உங்கள் படம் திரையில் வருவதால் வேறொருவர் பாவிப்பது இலகுவில்லை.

கடைசிக் கணக்குத்தாளை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், மகனின் கணக்கையும் ஒரு பிரதி எடுக்கச் சொல்லுங்கள். காட் பாவித்திருந்தால் வங்கி அறிக்கை வரும்வரை அதை எறிய வேண்டாம். இரண்டு தொகை தெரிந்தால் ஒன்று நான் முன்னர் சொன்ன பிடிப்பாக இருக்கும், மூன்று நான்கு கிழமை பொறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் விடுபடாவிட்டால் அந்தத் தாளின் பிரதியோடு கிளைக்கு எழுத்தில் கொடுத்து, அதே பிரதியைக் கப்பல் கம்பனிக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள்.